வரிசையில் ஓர் ஆள் கூடுதல்

உப்பு விளைகிற ஊரில் எதுவும் லேசில் கெட்டுப்போவதில்லை, செத்தவர்கள் உட்பட என்று வெள்ளைத்தரவைக்காரர்கள் பிற்பாடு விளக்கம் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, புயல் பாதுகாப்பு மையத்தின் கூடத்தில், நாடகம் முடிந்து நடித்தவர்கள் கதை சொன்னவளைக் கும்பிடுவதற்காக வரிசையில் நின்றபோது, மூன்று பேர் நிற்க வேண்டிய இடத்தில் நான்கு பேர் நின்றதைப் பார்த்து யாரும் விளக்கம் எதுவும் தேடவில்லை. நான்காவது ஆள் ஈரக் கைலியோடு நின்றான். கதை சொன்ன சவரியம்மாள் நாற்காலியைவிட்டு எழுந்து போய், "எலே லூர்து, தலையைத் துவட்டுலே" என்று முந்தானையை நீட்டினாள். லூர்து அவளுடைய தம்பி. பதினாறு வருடங்களுக்கு முன்னால் வள்ளத்தில் கடலுக்குப் போனவன், திரும்பி வரவில்லை.

அந்த நாடகம் ஒன்றும் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மேடை கட்டி ஆடுகிற நாடகமில்லை. எடைமேடையில் ரசீது எழுதும் கிறிஸ்டோபர் மதுரைப் பக்கம் ஒரு முகாமுக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தது. ஊரில் யார் வேண்டுமானாலும் நோட்டில் பெயர் எழுதிவைக்கலாம். முறை வரும் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றை, ஒரு டீ ஆறும் நேரத்துக்குள் சொல்ல வேண்டும். கிறிஸ்டோபர் ஒன்றிரண்டு கேள்வி கேட்பார். பிறகு கதை சொன்னவர் நடிக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு துண்டைக் கொடுத்து, நீ இன்னார், நீ இன்னார் என்று சொல்லிவிட்டால், துண்டை வாங்கியவர் மறுக்கக் கூடாது, ஒத்திகை கிடையாது, தகர டின்னில் மூன்று தட்டு தட்டியதும் ஆரம்பித்துவிட வேண்டும். என்ன கதை என்று முன்கூட்டியே யாரும் யாரிடமும் கேட்கக் கூடாது என்பதில் மட்டும் கிறிஸ்டோபர் கறாராக இருந்தார்.

லூர்துக்குப் பிறகு நோட்டு நிரம்பி, திரும்பி வந்தவர்களால் ஊர் வழிந்தது. வந்தவர்களுக்குக் கதையில் சொன்னது மட்டும்தான் தெரியும் என்பதை ஜனங்கள் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டார்கள். 'சாயங்காலத்துக்குள்ள வந்துருவேங்க்கா' என்று சொல்லிவிட்டு லூர்து போனதாகச் சவரியம்மாள் சொல்லியிருந்தாள்; அதனால் அவன் தினமும் காலையில் அதைச் சொல்லிவிட்டு வாசல்வரை போய், அதற்கு மேல் எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே நின்று, சாயங்காலம் உள்ளே வந்தான். ரேஷன் கடை பேச்சிமுத்து, இறந்துபோன மனைவி தேங்காய் விஷயத்தில் தன்னோடு சண்டை பிடிப்பதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவைக்க, வந்தவள் விடிந்ததும் தேங்காயைக் கையிலெடுத்துக்கொண்டு சண்டைக்கு நின்றாள்; மனுஷன் முகத்தில் பத்து வருடத்துக்கு அப்புறம் களை வந்தது. இன்னொருத்தி, மாமியார் அடுப்படியில் நின்று வேலை பார்த்ததைச் சொன்னாளே தவிர உட்கார்ந்ததைச் சொல்ல மறந்துபோனாள். அந்தம்மாள் இன்றுவரை நின்றுகொண்டேதான் இருக்கிறார். வருகிறவர் யார் என்பதும் சொன்னவர் கையில் இல்லை. தபால்காரர் அப்பாவைப் பற்றிக் கண்ணீர்விட்டுச் சொல்ல, வந்தது அப்பா வளர்த்த நாய். நர்ஸ் வீடுவீடாக வந்து வந்தவர்களின் நாடியைப் பிடித்துப் பார்த்து, நாடியே கிடைக்காததால் தொந்தரவு ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

இத்தனை பேர் வந்ததிலும் பாதிக்கு மேல் தங்கபுஷ்பத்தின் கைவண்ணம் என்று ஊரில் பேச்சு. உப்பளத்தில் உப்பு வாருகிறவள், நாற்பத்திரண்டு வயது, பேச்சு குறைவு, ஆனால் ஒரு துண்டைத் தோளில் போட்டுவிட்டால் போதும், கிழவனாகவோ கைக்குழந்தையாகவோ கடன் கேட்டு வருகிற மச்சானாகவோ சட்டென்று ஆகிவிடுவாள். எதிராளி அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பதை, அவனுக்கே தெரிவதற்கு முன்னால் தெரிந்துகொண்டு அதற்குத் தக்கபடி திரும்புவாள். இந்த வித்தையை எங்கே படித்தாய் என்று கிறிஸ்டோபர் ஒருமுறை கேட்டபோது சிரித்து மழுப்பினாள். எட்டு வருடம், வாசலில் புருஷன் செருப்புக் கழற்றும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு அடி உண்டா இல்லையா, உண்டென்றால் கையாலா பெல்ட்டாலா என்று கணக்குப் போட்டுப் பழகியவள் அவள் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. மூட்டை ஏற்றும் இசக்கிராஜா லாரியில் அடிபட்டுச் செத்துப் பதிமூன்று வருடமாகிறது. இன்னமும் வாசலில் யாராவது செருப்பைக் கழற்றினால் அவள் கைவேலையை நிறுத்திவிட்டு எந்தச் செருப்பு முதலில் விழுகிறது என்று கேட்பாள்.

மகள் ஜெயக்கொடிக்கு அப்போது ஏழு வயது. பிள்ளை தலைகுனிந்து வளரக் கூடாதே என்று தங்கபுஷ்பம் அவளுக்கென்று வேறொரு அப்பாவைச் செய்து கொடுத்தாள். அந்த அப்பா சம்பள நாளில் அல்வா வாங்கி வருவார், பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவார், அம்மாவை 'புஷ்பம்' என்று கூப்பிடுவார். ஜெயக்கொடி கேட்டுக்கொண்டாள், எதிர்த்து ஒரு கேள்வி கேட்டதில்லை. ஊரும் ஒத்தாசை செய்தது. செத்தவனைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது என்று, அவன் அடிக்கிற நேரத்தில் ரேடியோ சத்தத்தைக் கூட்டிவைத்த வீடுகள்கூட, பாவம் நல்ல உழைப்பாளி என்று சொல்ல ஆரம்பித்து, சொல்லிச் சொல்லி நாளடைவில் அவர்களே அதை நம்பிவிட்டார்கள்.

ஜெயக்கொடிக்கு ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயமானது. மாப்பிள்ளை ஆத்தூர்ப் பக்கம், எலக்ட்ரீசியன். நிச்சயம் முடிந்த மறுநாள் அவள் நேராகக் கிறிஸ்டோபரிடம் போய் நோட்டில் பெயர் எழுதிவிட்டு வந்து, கை கழுவிக்கொண்டே, "ஆடி கடைசி ஞாயிறு என் முறைம்மா" என்றாள். தங்கபுஷ்பத்தின் கையில் குழம்புக் கரண்டி இருந்தது. என்ன கதை என்று கேட்கக் கூடாது, கேட்கவும் பயம். பயம் என்றால் இன்னதென்று வகை பிரிக்க முடியாத பயம்: பிள்ளை பொய்யைச் சொன்னால் பொய்யான ஒருவன் அல்வாவோடு வந்து 'புஷ்பம்' என்று கூப்பிட்டுக்கொண்டு சாகிறவரை பாயில் பக்கத்தில் கிடப்பான், உண்மை ஏதாவது அவளுக்கு ஞாபகம் இருந்து அதைச் சொன்னால் உண்மையானவனே வந்து செருப்பைக் கழற்றுவான். இரண்டில் எது வந்தாலும், வந்தது திரும்பிப் போனதாக இதுவரை சரித்திரம் இல்லை.

மணப்பெண் அப்பாவைத்தான் கூப்பிடப்போகிறாள், தாரை வார்க்க அப்பன் வேண்டாமா என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. பிறகு என்ன, ஆளாளுக்கு வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார்கள். தையற்கடைக்காரர் பழைய நோட்டுகளைக் கிளறி இசக்கிராஜாவின் அளவைத் தேடி எடுத்து, செத்தவனுக்கு உடம்பு கூடியிருக்காது என்று அதே அளவில் ஒரு வெள்ளைச் சட்டை தைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார்கள். இனி நீ பூ வைக்கலாம் அக்கா என்று ஒருத்தி அவள் தலையில் மல்லிகையை வைத்துவிட்டு, தூர நின்று பார்த்துக் கண் கலங்கினாள். ஜெயக்கொடியைத் திண்டாடவிட்டார்கள்: சாப்பிடுவாவ, தூங்குவாவ, உக்காருவாவன்னு முதல்லயே சொல்லிரு, கையெழுத்துப் போடுவாவன்னு மறக்காமச் சொல்லு, கல்யாண ரிஜிஸ்டர்ல வேணும். அவள் எல்லோருக்கும் சரி சரி என்று தலையாட்டினாள். அந்த வெள்ளைச் சட்டை கொடியில் தொங்கிக் காற்றில் தோளை அசைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பார்த்து, தங்கபுஷ்பத்துக்குச் சோறு இறங்காமல் போனது.

கிறிஸ்டோபரிடம் போய், பிள்ளை பெயரை அடித்துவிடுங்கள் அண்ணே என்று கேட்டாள். காரணம் கேட்டார். காரணத்தைச் சொன்னால் பதிமூன்று வருடப் பொய் மொத்தமும் சரிந்து பிள்ளை தலையில் விழும். சும்மாத்தான் அண்ணே என்றாள். எழுதினவங்கதான் அடிக்க முடியும் தங்கச்சி என்று அவர் சொல்லிவிட்டார். மகளிடமே சொல்லிவிடலாமென்று மூன்று முறை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மூன்று முறையும், புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்தாச்சா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

ஆடி கடைசி ஞாயிறு மதியம், ஒரு பையில் இரண்டு புடவையை வைத்துக்கொண்டு தங்கபுஷ்பம் பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். எந்த ஊர் என்று யோசிக்கவில்லை, முதலில் வருகிற பஸ். பஸ் வந்தது, கண்டக்டர் ஏறுங்கம்மா என்றார். படியில் ஒரு காலை வைத்தபோதுதான், தான் போய்விட்டால் அந்த வீட்டில் அவனுக்கு முன்னால் தனியாக நிற்கப்போவது யார் என்பது அவளுக்கு உறைத்தது. காலை எடுத்துவிட்டாள். பஸ் கிளம்பிப் போய்ப் புழுதி அடங்கியபின், அதே பையோடு நேராகக் கூடத்துக்கு நடந்தாள்.

கூடத்தில் நிற்க இடமில்லை. முன்வரிசையில் திரும்பி வந்தவர்கள், லூர்தும் பேச்சிமுத்துவின் மனைவியும், நாயும், பின்னால் ஊர். தையற்கடைக்காரர் சட்டையைத் தேய்த்துத் தட்டில் வைத்து எடுத்து வந்திருந்தார். நடிக்க மூன்று பேர்: தங்கபுஷ்பம், வேல்கனி, சுடலைமுத்து. ஜெயக்கொடி நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். டீயை வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை.

"எங்க வீட்டுல தண்ணி பிடிச்சு வைக்கிற நீல டிரம் ஒண்ணு இருந்துச்சு" என்று ஆரம்பித்தாள். "பொழுது சாயுற நேரத்துல அம்மா அதைக் காலி பண்ணி, என்னைய உள்ள இறக்கி, மூச்சு விட இடம் விட்டு மூடுவா. நான் கூப்பிட்டாத்தான் வெளிய வரணும் மக்கா, அதுவரைக்கும் என்ன சத்தம் கேட்டாலும் வரக் கூடாதும்பா. சத்தம் கேக்கும். நான் வர மாட்டேன். எல்லாம் முடிஞ்சு அப்பா தூங்கினப்புறம் அம்மா வந்து கூப்பிடுவா. தினமும் கூப்பிடுவா. ஒரு நாள் மட்டும் கூப்பிடல."

பிள்ளைக்கு எல்லாம் தெரியும், பதிமூன்று வருடமும் தெரியும், அல்வாக் கதையைக் கேட்டு அவள் தலையாட்டியதெல்லாம் அம்மாவுக்காகத்தான் என்பது தங்கபுஷ்பத்துக்குள் இறங்குவதற்குள், அந்த ஒரு நாளும் வந்து நின்றது. அன்றைக்கும் பிள்ளையை டிரம்முக்குள் இறக்கிவிட்டுச் செருப்புச் சத்தத்துக்குக் காத்திருந்தாள்; வந்தது நான்கைந்து பேரின் செருப்பு; ரோட்டில் லாரி, ஆஸ்பத்திரி, ஓடு என்றார்கள்; ஓடினாள். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரிதான் பிள்ளையைத் தூக்கி வெளியே விட்டாள். அதன்பின் சாவு வீடு, சடங்கு. கூப்பிட வேண்டியது பாக்கி இருக்கிறது என்பதே அவளுக்குத் தோன்றவில்லை.

கிறிஸ்டோபர், அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டார்.

"அவ்வளவுதாண்ணே. இன்னும் கூப்பிடல."

ஜெயக்கொடி எழுந்து துண்டுகளை எடுத்தாள். பச்சைத் துண்டை வேல்கனியிடம் கொடுத்து அம்மா என்றாள். வெள்ளைத் துண்டைச் சுடலைமுத்துவிடம் கொடுத்து, நீங்க பக்கத்து வீடு, சத்தம் வந்தா ரேடியோவைக் கூட்டி வைக்கணும் என்றாள். பின்வரிசையில் சில தலைகள் குனிந்தன. சிவப்புத் துண்டோடு தங்கபுஷ்பத்துக்கு முன்னால் வந்து நின்று, "நீ அப்பா" என்றாள். துண்டை வாங்கியவர் மறுக்கக் கூடாது. வாங்கிக்கொண்டாள். உன்னை யார் நடிப்பது என்று கிறிஸ்டோபர் கேட்டதற்கு, "அவளுக்கு ஆள் வேண்டாம், அவ உள்ளதான இருக்கா" என்று சொல்லிவிட்டு, இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு மேலே நீலத் தார்ப்பாயை விரித்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

டின்னில் மூன்று தட்டு விழுந்தது. தங்கபுஷ்பம் கூடத்தின் வாசலில் போய் நின்று செருப்பைக் கழற்றினாள், இடது செருப்பு முதலில், அதைக் காலாலேயே ஓர் ஓரமாக எற்றி. அவனை அவள் அளவுக்கு அறிந்தவர் உலகத்தில் கிடையாது என்பதால் அவன் தடையில்லாமல் வந்து சேர்ந்தான்: தோள் இறங்கியது, தாடை முன்னால் வந்தது, நாக்கு பல்லைத் துழாவியது, ஒருபோதும் யாரையும் அடித்திராத அவளுடைய கை இடுப்புக்குப் போய் இல்லாத பெல்ட்டைத் தேடியது. வேல்கனி நாடகத்தை மறந்து நிஜமாகவே பின்னால் நகர்ந்தாள். சுடலைமுத்து ரேடியோவைத் திருகினான், திருகிக்கொண்டே அழுதான். கை ஓங்கியபோது, இது தன்னை மீறி இறங்கப்போகிறது, இறங்கிவிட்டால் அவன் இந்தக் கூடத்தைவிட்டுப் போக மாட்டான் என்று தங்கபுஷ்பத்துக்குத் தெரிந்தது. ஓங்கிய கையை நிறுத்துவதற்கு அவள் தன் பலத்தையெல்லாம் கொடுக்க வேண்டியிருந்தது.

அப்போது தார்ப்பாய்க்குள்ளிருந்து ஓர் இருமல் கேட்டது. சின்ன இருமல், வாயைப் பொத்திக்கொண்டு இருமியது.

கூடத்தில் எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சட்டைத் தட்டோடு நின்றவரும் வாசலைத்தான் பார்த்தார். தங்கபுஷ்பம் ஒருத்தி மட்டும் திரும்பினாள். தார்ப்பாயின் ஓரம் மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கியது. அதற்குள் இருப்பவளுக்குச் சொன்னது மட்டும்தான் தெரியும்: பயம், சத்தம், கூப்பிட்டால் வர வேண்டும் என்பது. கூப்பிடுவதற்கு ஒரே ஒரு வார்த்தைதான் வேண்டும். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்ல, எல்லாம் முடிந்துவிட்டது, இனி அவன் வர மாட்டான் என்று சொல்கிறவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும், தங்கபுஷ்பத்துக்கோ அது இந்தப் பதிமூன்று வருடத்தில் ஒரு நாள்கூட நிச்சயமாகத் தெரிந்ததில்லை. பிணத்தைப் பார்த்தாள், பாடை கிளம்பியதைப் பார்த்தாள், அப்படியும் தெரிந்ததில்லை. நாற்காலியில் ஜெயக்கொடி கண்ணை இறுக மூடி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, டிரம்முக்குள் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

தங்கபுஷ்பம் சிவப்புத் துண்டைக் கழற்றிக் கீழே போட்டாள். தார்ப்பாய்க்குப் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"மக்கா" என்றாள்.

உள்ளே மூச்சு நின்றது. பிறகு, கிசுகிசுவென்று, "அப்பா தூங்கிட்டாவளா?" என்று கேட்டது.

"அப்பா செத்துப்போயிட்டாவ." ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது; கேட்கட்டும் என்று இருந்தது அவளுக்கு. "சத்தியமாச் செத்துப்போயிட்டாவ. அம்மா அழுதேன்ல, அது சும்மா அழுதது. அம்மாவுக்குச் சந்தோசமா இருந்துச்சு. இனிமே வர மாட்டாவ. நீ வெளிய வா."

தார்ப்பாய் விலகி, ஏழு வயதுப் பிள்ளை ஒன்று, ஒரு பக்கச் சடை அவிழ்ந்து, கால் மரத்துப்போனதால் தவழ்ந்து வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் தங்கபுஷ்பத்தின் மடியில் ஏறி முகத்தைப் புதைத்துக்கொண்டது. நாற்காலியில் இருந்தவள் கண்ணைத் திறந்து, காலை நீட்டி, ஆறிப்போன டீயை எடுத்து மடமடவென்று குடித்தாள். முன்வரிசையில் லூர்துக்குப் பக்கத்தில் இருந்த சவரியம்மாள் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள். தையற்கடைக்காரர் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைக் கையில் எடுத்துக்கொண்டே பின்வாசல் வழியாகப் போனார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது, தாரை வார்த்தது தங்கபுஷ்பம். ஆத்தூர்ச் சம்பந்தியம்மாளுக்கு வெள்ளைத்தரவையின் சங்கதிகள் இன்னும் பழகவில்லை. போட்டோ எடுக்கும்போது, மணப்பெண்ணின் ஜாடையை உரித்துவைத்துக்கொண்டு அவள் முந்தானையைப் பிடித்தபடி நின்ற சின்னதைக் காட்டி, ஒரே பிள்ளை என்றல்லவா சொன்னீர்கள், இது யார் என்று விசாரித்தார்.

"எம் மகதான்" என்றாள் தங்கபுஷ்பம். "கூப்பிடக் கொஞ்சம் நேரமாயிட்டு."